சுவருக்கு வைத்த பொட்டு

அக்கா,

இன்று காலை உங்கள் பொட்டு என் விரலோடு வந்துவிட்டது.

நான் பிய்க்கவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். பசையை ஈரம் எப்போதோ தின்றுவிட்டிருந்தது. ஆட்காட்டி விரல் நுனியில் அரக்குச் சிவப்பாக ஒரு வட்டம். நீங்கள் எப்போதும் வாங்கும் துணிப் பொட்டு.

வெளியே கலவை குழைக்கிறார்கள். ஈரச் சிமென்ட்டின் வாசனை, ரயில் வரைந்த இந்த வகுப்பு முழுவதும் நிற்கிறது. இந்த வாசனை வந்தாலே நீங்கள் மூக்கைச் சுருக்குவீர்கள். "எதையோ மூடப் போறானுவ சார்."

இன்று மூடப் போவதில்லை. இடிக்கப் போகிறார்கள். கொத்தனார் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வர மாட்டேன் என்றார்.

"சாமிய நீங்களே எடுத்துருங்க சார். அப்புறம் நாங்க கை வைக்கிறோம்."

இன்னும் மூன்று பொட்டுகள் சுவரில் இருக்கின்றன. கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறேன். அவர்கள் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படிக்க நீங்கள் இல்லை. இருந்திருந்தாலும் முதலிலிருந்து படித்திருக்க மாட்டீர்கள். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கையெழுத்து யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்திருப்பீர்கள்.

•

நாம் முதலில் பேசியதே சண்டை மாதிரிதான் இருந்தது.

திருச்சியில் எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். அறையில் படுத்துக்கொண்டு, யாரும் கேட்காத கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தேன். இந்த நடுநிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேண்டும் என்றார்கள். எடுப்பது பள்ளி மேலாண்மைக் குழு. குழு என்றால் பிள்ளைகளின் அம்மாக்கள். தலைவி நீங்கள். மற்ற அம்மாக்கள் என் சான்றிதழ்களைப் பார்த்தார்கள். நீங்கள் என் செருப்பைப் பார்த்தீர்கள்.

"செருப்பு புதுசா இருக்கே சார்."

"இப்பதாங்க வாங்கினேன்."

"எத்தன நாளைக்கு வருவீங்க?"

"வேலை இருக்கிற வரைக்கும்."

"அதத்தான் கேக்குறேன். எங்களுக்கு உங்க வேல இருக்கற வரைக்குமா, உங்களுக்கு வேற வேல கெடைக்கற வரைக்குமா?"

தலைமை ஆசிரியை சிரித்துவிட்டார். "விடும்மா. கெடைச்ச ஒரு ஆளையும் வெரட்டிறாத."

நீங்கள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் உங்கள் வீட்டு வாசலில் நின்று, நான் பஸ்ஸிலிருந்து இறங்குகிறேனா என்று பார்ப்பீர்கள். இறங்கியதும் உள்ளே போய்விடுவீர்கள். அதை வரவேற்பு என்று நினைத்துக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

உங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது, பையின் வார் அறுந்த நாளில். தையல் மெஷினில் போட்டுத் தருகிறேன் என்றீர்கள். அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. உங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது. ஊரில் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாமல் அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கியவர், தன் பெயரில் வாங்கிய முதல் சுவர்கள். கூரையில் காரை பெயர்ந்து கம்பிகள் விலா எலும்பு போலத் தெரிந்தன. அதற்குக் கீழே ஒரு பழைய புடவையை நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டியிருந்தீர்கள். புடவையின் வயிறு கனத்துத் தொங்கியது. உள்ளே காரைத் துண்டுகள். நிரம்பினால் அவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி கட்டுவீர்களாம்.

"மத்தவங்க வூட்ல மழ பேஞ்சா தண்ணி விழும். எங்க வூட்ல மழயே வேணாம் சார், வூடே விழும்."

சரிசெய்ய யாரும் வரவில்லையா என்று கேட்டேன்.

"வந்தானுவளே. வெளியில மஞ்சக் கலர் பெயிண்ட் அடிச்சுட்டு போட்டோ புடிச்சுட்டுப் போனானுவ. மொகத்துக்குப் பவுடர் போட்டா காச்ச போயிருமா?"

மெஷினை மட்டும் புடவைக்கு வெளியே, காரை பெயராத ஓரமாகப் போட்டிருந்தீர்கள். தைக்கும்போதும் இடையிடையே மேலே பார்ப்பீர்கள். அது ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுகூட நிழற்குடையின் கூரையைப் பார்ப்பீர்கள். இப்போது நானும் பார்க்கிறேன்.

•

பள்ளியைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று ஆள் வந்தபோது நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.

கைதட்டாமல் எப்படி இருப்பது. வகுப்புகள் இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். தரையில் குழி. குழியில் பிள்ளைகள் பென்சில் சீவிப் போடுவார்கள். ஜன்னலுக்குக் கதவு இல்லாமல் சாரல் நேராகப் புத்தகத்தில் அடிக்கும். கரும்பலகை சாம்பல் பலகையாகி நெடுநாள். தலைமை ஆசிரியை அந்தக் கூட்டத்தில் அழுதேவிட்டார். "ஒரு நல்ல தரையப் பாத்துட்டு ரிட்டயர்டு ஆவணும்னு நெனச்சேன்." அது நடிப்பு இல்லை. நீங்களும் அதை நம்பினீர்கள்.

செலவு செய்யப் போகிறவர் இங்கே படித்தவர், சென்னையில் இருக்கிறார் என்றார்கள். கைதட்டல் அடங்கியதும் நீங்கள் எழுந்தீர்கள்.

"அவருக்கு என்ன வேணுமாம் டீச்சர்?"

"ஒண்ணும் வேணாம்மா. படிச்ச பள்ளிக்கூடம். பாசம்."

"இத்தன வருசம் பாசம் எந்த பஸ்ல வந்துக்கிட்டு இருந்துச்சு?"

அம்மாக்கள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியையின் முகம் சுருங்கியது.

உங்களுக்குச் சென்னைக்காரர்மேல் சந்தேகம் வரக் காரணம் கல் குவாரி. ஊருக்கு மேற்கே, பச்சைமலைப் பக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெடி வைப்பார்கள். சத்தம் வருவதற்கு முன் தட்டில் சாம்பார் ஒருமுறை நடுங்கும். பிள்ளைகள் சோற்றை விட்டுக் காதைப் பொத்துவார்கள். பிறகு சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். அந்தக் குவாரியில் இவருக்குப் பங்கு இருக்கிறது என்றீர்கள். இல்லவே இல்லை என்றார் தலைமை ஆசிரியை. "உடைக்கிறவனே ஒட்டவும் வர்றான் சார்" என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள்.

அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நீங்கள் நிறையத் தடவை தவறாகவும் சந்தேகப்பட்டீர்கள். அதையும் எழுத வேண்டும். டைல்ஸ் வழுக்கும் என்றீர்கள். ஒரு பிள்ளையும் விழவில்லை. மின்விசிறி பழசு, துடைத்து மாட்டுகிறார்கள் என்று பெஞ்ச் மேல் ஏறி ஸ்டிக்கரைப் படித்தீர்கள். புதுசு. பாத்ரூம் குழாயில் தண்ணீர் வராது என்றீர்கள். திறந்த வேகத்தில் உங்கள் புடவையையே நனைத்தது. எதற்கும் நீங்கள் வெட்கப்பட்டதில்லை.

"இது தப்பிச்சுருச்சு சார். அடுத்தத பாப்போம்."

எனக்கும் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், பல்கலைக்கழகத்தில். ஒரு வாக்கியம் எதை மறைக்கிறது என்று கேட்கப் பழகியிருந்தேன். ஒரு சுவரைப் பார்த்து அப்படிக் கேட்டதே இல்லை.

•

ஐந்தாம் வகுப்பு ஜன்னலுக்கு மேலே, லிண்டல் என்கிற கான்கிரீட் விட்டம் முடியும் மூலையிலிருந்து ஒரு கோடு. சரிந்து கீழே இறங்கியது. பென்சிலால் இழுத்த மாதிரி. வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டீர்கள். அடுத்த ஆண்டு உங்கள் மகள் உட்காரப் போகும் அறை அது.

நெற்றியிலிருந்து பொட்டை எடுத்துக் கோடு முடியும் இடத்தில் ஒட்டினீர்கள். கோடு கிளை பிரிந்த இரண்டு இடங்களில், கைப்பையிலிருந்த அட்டையிலிருந்து எடுத்து இன்னும் இரண்டு.

"இத தாண்டி வருதான்னு பாப்போம்."

மதியம் வெடிச் சத்தம் கேட்டதும் ரோட்டைத் தாண்டி வருவீர்கள். பொட்டைப் பார்ப்பீர்கள். போவீர்கள். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. நான் ஒருநாள் கேலி செய்தேன்.

"சுவருக்கு நெத்தி எதுன்னு எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?"

"எங்க வலிக்குதோ அங்க."

கான்ட்ராக்டரிடம் நேராகவே கேட்டீர்கள். இந்த மூலையைக் கொத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார், அப்புறம் பூசு. அவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"அது வெறும் பூச்சு வெடிப்புங்கம்மா. பட்டி பாத்து, வெடிப்ப அடைச்சு பெயிண்ட் அடிச்சா காணாமப் போயிரும்."

"காணாமப் போறது எனக்குத் தெரியும்ங்க. இல்லாமப் போவுமா?"

கொத்துவது அவர் ஒப்புக்கொண்ட வேலையில் இல்லை. அப்படியானால் ஒரு மழைக்காலம் போகட்டும், அதுவரை அந்த அறையில் பிள்ளைகள் வேண்டாம் என்று கூட்டத்தில் கேட்டீர்கள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. புது வகுப்பில் தன் பிள்ளை உட்காருவதைப் பார்க்க ஒவ்வொரு அம்மாவுக்கும் ஆசை. "எல்லாத்தையும் சந்தேகப்பட்டா சோறு திங்க முடியுமா" என்று ஒருத்தி கேட்டாள். நான் எழுந்து உங்களுக்காகப் பேசினேன். தற்காலிக ஆசிரியரின் பேச்சு, எடுபடவில்லை. மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

•

மே மாதம் பெயிண்ட் வந்தது. ரயில் மாதிரி வரைய வேண்டும் என்பது சென்னைக்காரரின் விருப்பம். சுவருக்கு வெளியே நீலப் பெட்டி, சக்கரங்கள், படிக்கட்டு. உள்ளேயும் நீலம். வரைந்த ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற மலை. மஞ்சள் பலகையில் ஸ்டேஷன் பெயராக நம் ஊர்ப் பெயர். பெரம்பலூர் மாவட்டத்தில் எங்கும் தண்டவாளம் கிடையாது. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் ரயிலைப் பார்த்ததில்லை.

"அரியலூருக்குக் கூட்டிட்டுப் போனா நெசமான ரயிலயே பாக்கலாம்" என்றீர்கள். "இங்க வராத ரயில சொவத்துல நிறுத்தி வச்சிருக்கானுவ. கெளம்பவும் கெளம்பாது."

மாணவர் சேர்க்கை வேலைக்காக நான் ஒருநாள் காலையில் வந்தேன். ஐந்தாம் வகுப்பு வாசலில் பெயிண்டர் செருப்பில்லாமல் நின்றார். உள்ளே எல்லாம் நீலம். ஒரே ஒரு பட்டை மட்டும் விட்டிருந்தார்கள். லிண்டலுக்குக் கீழே, கோடு இறங்குகிற இடத்தில், இரண்டு சாண் அகலத்துக்குப் பழைய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. பெயிண்டின் ஓரம் சுத்தமாக, சட்டம் போட்ட மாதிரி. நடுவில் உங்கள் மூன்று பொட்டுகள். கீழே மஞ்சள் பூசி, ஒரு முழம் கனகாம்பரம்.

"பட்டி பாக்கலாம்னு வந்தேன் சார். பாத்தா மூணு பொட்டு, கீழ பூவு. யாரு வச்சதுன்னு தெரியல. அம்மன் விசயம். நமக்கு எதுக்கு?"

கான்ட்ராக்டரும் கை வைக்க மறுத்தார். வேறொரு ஊரில் வேலைக்கு இடைஞ்சலாக இருந்த வேப்பமரத்தை வெட்டியதிலிருந்து அவருக்கு ஒன்றும் விளங்கவில்லையாம்.

ரோட்டைத் தாண்டி ஓடி வந்து உங்களிடம் சொன்னேன். மெஷினை நிறுத்தினீர்கள். சிரிக்க ஆரம்பித்தீர்கள். முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரித்தீர்கள்.

"என் சந்தேகத்துக்கு சூடம் காட்டப் போறாங்க சார்."

"வாங்கக்கா, போய்ச் சொல்லிடலாம்."

"என்னான்னு?"

"அது சாமி இல்லன்னு."

"சொன்னா? பட்டி போட்டு மூடிருவான். சாமின்னா கை வைக்க மாட்டான். கெடக்கட்டும் சார். வெடிப்பு கண்ணுக்குத் தெரியணும். எனக்கு அவ்ளோதான்."

"பொய் இல்லயா?"

"நான் எங்க பொய் சொன்னேன்? பொட்டுதான வச்சேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மெஷினை மிதித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் எழுத வேண்டும்.

•

திறப்பு விழாவில் அந்த இடத்தைப் பலூன் கட்டி மறைத்தார்கள். சென்னைக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, குறைவான பேச்சு. தலைவி என்பதால் உங்களை நன்றி சொல்லச் சொன்னார்கள். மைக்கை வாங்கினீர்கள்.

"ரொம்ப நன்றிங்க சார். ரூம்பு அழகா இருக்கு. மத்தியானம் வெடி வைக்கற நேரத்துல ஒருக்கா வந்து உக்காந்து பாருங்க. இன்னும் அழகா இருக்கும்."

அவர் சிரித்தார். தலைமை ஆசிரியை மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பற்றி நீங்கள் மாலைவரை பேசினீர்கள். "பாத்தீங்களா? தெரிஞ்சவன் சிரிப்பு." எனக்கு அது ஒன்றும் புரியாதவரின் சிரிப்பாகத்தான் தெரிந்தது. இரண்டுக்கும் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும்போல.

பள்ளி திறந்து ஐந்தாம் வகுப்பு ரயிலில் ஏறியது. "சார், எப்ப சார் கெளம்பும்?" என்று தினமும் ஒருவன் கேட்பான். மகளை ஜன்னல் பக்கம் உட்கார வைக்காதீர்கள் என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்.

"மத்த பிள்ளைங்க?"

ரோட்டைத் தாண்டிப் போய்விட்டீர்கள். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே வந்து நின்றீர்கள். "ஜன்னல் வரிச முழுசையும் இந்தப் பக்கம் தள்ளுங்க சார்." இருவரும் சேர்ந்து பெஞ்சுகளை இழுத்தோம். சாமிக்கு இடம் விட்டிருக்கிறோம் என்று தலைமை ஆசிரியை நினைத்துக்கொண்டார். கோட்டுக்குக் கீழே வெறும் தரை. பிள்ளைகள் அதற்குப் பிளாட்பாரம் என்று பெயர் வைத்தார்கள். அங்கே யாரும் நிற்கக் கூடாது என்பது விதி. மீறினால் ரயில் இடித்துவிடும்.

மழை வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

காய்ச்சல் என்றுதான் பெரம்பலூருக்குக் கிளம்பினீர்கள். பஸ் நிறுத்தத்தில் புடவைமேல் சால்வை போர்த்தி நின்றீர்கள். நிழற்குடையின் கூரையை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு என் செருப்பை.

"தேஞ்சு போச்சே சார். இன்னும் இங்கதான் இருக்கீங்களா?"

"முதல்ல நீங்க போயிட்டு வாங்க."

"வரேன் வரேன். நான் வர்றதுக்குள்ள ஓடிறாதீங்க."

பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். திருச்சியிலிருந்து ஆம்புலன்ஸில் வந்தீர்கள்.

ஐஸ் பெட்டியை, கூரையில் கட்டியிருந்த அந்தப் புடவைக்குக் கீழேதான் வைத்தார்கள். வேறு இடம் இல்லை. திருப்பூர் வேலையிலிருந்து வந்த உங்கள் கணவர் பெட்டியின் மேல் கை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். உங்கள் நெற்றியில் யாரோ பெரிய குங்குமம் வைத்திருந்தார்கள். உங்கள் பொட்டு அது இல்லை. அழ வேண்டிய நேரத்தில் நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். புடவையின் வயிறு கனத்திருந்தது. யாரும் அவிழ்த்துக் கொட்டவில்லை.

•

ஐப்பசியில் நன்றாகப் பெய்தது. ஒரு காலையில் வகுப்பைத் திறந்தேன். கோடு கடைசிப் பொட்டைத் தாண்டியிருந்தது. நக அளவு.

அன்று மாலையே பெரம்பலூர் போய், பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேன்சி ஸ்டோரில் அதே பொட்டு கேட்டேன்.

"யாருக்கு சார்? சொல்லவே இல்ல?"

"சுவத்துக்கு."

கடைக்காரர் சிரித்தார். பாக்கியைக் கொடுக்கும்போதும் சிரித்தார். தனியாக இருக்கும் ஒருவன் பொட்டு வாங்கினால் இந்த ஊரில் கதை உண்டு. உங்கள் காதில் விழுந்திருந்தால் நீங்களே என்னைச் சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

மறுநாள் கோட்டின் புது முனையில் நான்காவது பொட்டை ஒட்டினேன். நேராகத் தலைமை ஆசிரியையிடம் போனேன். முழுவதும் சொன்னேன். அது அம்மன் இல்லை. அக்கா வைத்த அடையாளம். விரிசல் இறங்குகிறது. அறையை மூட வேண்டும்.

அவர் நிதானமாகக் கேட்டார். "அந்தம்மா போய்ச் சேந்துருச்சு. இன்னைக்குப் புதுசா ஒரு பொட்டு எப்படி வந்துச்சு?"

"நான்தான் டீச்சர் வச்சேன்."

"சார், நீங்க சாமி கும்புட மாட்டீங்க. அது உங்க இஷ்டம். அதுக்காக இப்படி எறங்கிப் பேசக் கூடாது."

"டீச்சர், அது வெறும் விரிசல்."

"விரிசல் எல்லாச் சொவத்துலயும் இருக்கு. பொட்டு எல்லாச் சொவத்துலயுமா இருக்கு?"

இதற்குப் பதில் நான் படித்த எதிலும் இல்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆள்மேல் அவருக்குச் சந்தேகம்.

மதியம் சத்துணவு சமைக்கும் அம்மா வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார். நான்காவதைப் பார்த்தார். கரண்டியோடு கும்பிட்டார். "தாயி எறங்கி வர்றா!"

வெடிச் சத்தம் கேட்டது. சாம்பார் நடுங்கியது. மாலைக்குள் ஊரில் பாதிப் பெண்கள் வந்துவிட்டார்கள். யார் வைத்தது என்று ஒருத்தி கேட்டாள். தானாக வந்தது என்று இன்னொருத்தி சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். பொட்டுதானே வைத்தேன்.

மறுநாள் அம்மாக்களின் கூட்டம். தாய் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் காலை நீட்டி உட்காரக் கூடாது, செருப்பு போடக் கூடாது, எச்சில் தட்டு வைக்கக் கூடாது. பேசி முடித்தார்கள். ஐந்தாம் வகுப்பு தாழ்வாரத்துக்கு வந்தது. நீங்கள் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காதது ஒரே மாலையில் கிடைத்தது, வேறு பெயரில்.

புதுப்பித்த அறை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள். மழை விட்டதும் ஒரு என்ஜினியர் வந்தார். வெளியூர்க்காரர். ஷூவைக் கழற்றாமல் உள்ளே போனார். பொட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. லிண்டல் மூலையில், நன்றாகப் பெயிண்ட் அடித்த இடத்தில், சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். நீலம் தகடு தகடாக வந்தது. பின்னால் காரை. அதற்குப் பின்னால் துருப்பிடித்து ஊதிய கம்பி. பொட்டின் நிறம்.

"யாரு சார் இதுக்கு மேல பெயிண்ட் அடிச்சது?"

தலைமை ஆசிரியை பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகடுகள் அங்கேதான் விழுந்து கிடந்தன. ஒவ்வொன்றும் பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

குவாரி வெடியாலா என்று நான் கேட்டேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தண்ணி எறங்கினாலே போதும்." பொட்டைப் பற்றியும் கேட்டேன். அவர் சிரித்தார். "இத வச்சு ஒண்ணும் அளக்க முடியாது சார். பசை இளகினா பொட்டே நகரும்."

உங்கள் வழி தவறுதான், அக்கா. ஆனால் இந்தச் சுவர் தப்பித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

•

இவ்வளவு எழுதியிருந்தபோது உங்கள் மகள் வந்தாள். தாழ்வாரத்து வகுப்பிலிருந்து. சித்தி வீட்டில்தான் இருக்கிறாள். தலையில் பூ.

"சார், சாமிய எடுக்கப் போறீங்களாமே?"

"அது சாமி இல்லம்மா. உங்கம்மா வச்ச பொட்டு."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"பூவும் அம்மாதான வச்சுச்சு. எங்க வூட்டுக் கனகாம்பரம். நான்தான் பறிச்சுக் குடுத்தேன். மஞ்சள அம்மாவே கரைச்சுச்சு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்குக் கடைசியாகத் தெரிகிறது என்ற மாதிரி.

மெஷினை நிறுத்தியது. சிரித்தது. முந்தானையைக் கண்ணில் ஒற்றியது. நான் எங்க பொய் சொன்னேன், பொட்டுதான வச்சேன். எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்தீர்களா, என் முகத்தைப் பார்க்காமல் இருக்க முந்தானையை எடுத்தீர்களா? இனி யாரிடம் கேட்பது.

என்னை நம்பவில்லை நீங்கள். கொஞ்ச நேரம் வலித்தது. பிறகு யோசித்தேன். பூவும் நீங்கள் வைத்ததுதான் என்று நம்பிச் சொல்லியிருந்தால், அன்றே போய்ச் சொல்லிவிடலாம் என்று உங்களைத் தொந்தரவு செய்திருப்பேன். நீங்கள் மறுத்தால் நானே போயிருப்பேன். பிறகு போனேன் அல்லவா, நீங்கள் இல்லாதபோது, நேராகத் தலைமை ஆசிரியையிடம், முழு உண்மையோடு? புதுச் செருப்பைப் பார்த்த அன்றே உங்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

கொத்தனார்கள் திரும்பி வந்துவிட்டார்கள். சுவரில் மீதி இருந்த மூன்று பொட்டுகளையும் எடுத்துவிட்டேன். உங்கள் மூன்றும் என் பர்ஸில் இருக்கின்றன. பசை போய்விட்டது. நான்காவதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. முதல் கடப்பாரைக் குத்து விழுந்தது. ஓடுகிற மலை உடைந்தது.

நான் பக்கத்து அறைக்குப் போனேன். ஆறாம் வகுப்பு. அதே கான்ட்ராக்டர், அதே நீலம், அதே ரயில். கதவு மூலையில் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. பெயிண்ட் சுருக்கமாக இருக்கலாம். பிள்ளைகள் இழுத்த பென்சிலாகவும் இருக்கலாம். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். அது இப்போது எப்போதும் என்னிடம் இருக்கிறது, பேனாவுக்குப் பின்னால். ஒன்றைப் பிரித்துக் கோட்டின் முனையில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினேன்.

திரும்பினால் வாசலில் உங்கள் மகள். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"நாளைக்கு வரும்போது கொஞ்சம் கனகாம்பரம் பறிச்சுட்டு வாம்மா" என்றேன்.

அவள் உடனே தலையாட்டவில்லை. முதலில் பொட்டைப் பார்த்தாள். பிறகு என் செருப்பைப் பார்த்தாள்.

"எதுக்கு சார்?"